அளவைக்குள் மெழுகு

மாதம் ஒருமுறை பொடிஜா சந்தைக்குப் போகிறேன்.
வாங்க அல்ல, கேட்க.
கழுத்தில் அட்டை, அக்குளில் படிவம்,
இபாதான் நகரில் அரசாங்கத்துக்காக
விலை விசாரிக்கும் உத்தியோகம்.

தித்திலாயோ கடையில் கர்ரி குவிந்திருக்கிறது,
மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்த
மஞ்சள் நொய்.
"ஒரு கோங்கோ என்ன விலை?"
"போன மாத விலைதான் மோராயோ, எழுதிக்கொள்."
எழுதினேன்: மாற்றம் இல்லை.

பெட்ரோலுக்கு இனி மானியம் கிடையாது என்று
ரேடியோ சொன்னபோது
சொன்னவர் குரலில் ஒரு செருமல்கூட இல்லை.
மதியத்துக்குள் மோக்கோலா டாக்சி
இரண்டு மடங்கு கேட்டது.
என் பயணப்படி மட்டும்
பழைய சுற்றறிக்கைக்குள் தூங்குகிறது.
நடக்கிறேன்.
ஏற்றத்தை அளக்கப் போகிறவளின் செருப்பு
குதிகாலில் இறங்கிக்கொண்டே வருகிறது.

அவள்தான் என்ன செய்வாள்?
கர்ரி லாரியில் வருகிறது,
லாரி டீசலில் வருகிறது,
டீசல் டாலரில் வருகிறது,
டாலர் எங்கிருந்து வருகிறதென்று
எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.
விலையைக் கூட்டினால்
அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.
அதனால்
மின்சாரம் இல்லாத ராத்திரிகளில்
எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திக் கட்டைகளை உருக்கி
தகர அளவையின் அடியில் ஊற்றினாள்.
முதலில் நகத்தின் கனம்.
மழை விடுவதற்குள் விரல் கனம்.

எனக்குத் தெரியாதா?
சாயங்காலம் அட்டையைக் கழற்றிவிட்டு
அதே கடையில் வாங்குபவளும் நான்தானே.
ஐந்து கோங்கோ போட்டால்
எங்கள் டப்பாவின் கழுத்தைத் தொடும்.
பிறகு தோள் வரை.
இப்போது இடுப்பு.

படிவத்தில் விலைக்குக் கட்டம் உண்டு,
ரகத்துக்கு, கடை எண்ணுக்கு உண்டு.
அளவையின் ஆழத்துக்கு இல்லை.
நிறுத்துப் பார் என்கிறது விதி;
அலுவலகத் தராசு பழுதாகிக் கிடக்கிறது.
புதிது கேட்டு நான்கு கடிதம் போட்டேன்.
சிக்கன நடவடிக்கை, பொறுத்திருக்கவும்
என்று பதில் வந்தது,
நல்ல தடித்த தாளில்.

ஒருநாள் பேனாவை
வெறும் அளவைக்குள் நிறுத்தி
விளிம்பு தொட்ட இடத்தில் கீறினேன்.
"காட்டிக் கொடுக்கப் போகிறாயா?" என்றாள்.
கோபம் இல்லை.
தலைதட்டாமல் குவித்து அளந்தாள்,
மேலே கொசுறும் போட்டாள்.
முன்பு அது ஒரு கைப்பிடி,
இப்போது மூன்று விரல் கிள்ளல்.
ஆனால் கொசுறு போடாமல்
ஒருநாளும் பையைக் கட்டியதில்லை.

பேனாவில் ஐந்து கீறல் ஆனபோது
குறிப்புரைக் கட்டத்தில் எழுதினேன்:
மெழுகு, ஒன்றரை விரல்.
மேலதிகாரி அகான்பி கூப்பிட்டார்.
"இதென்ன, கவிதையா?"
ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டார்.
மேசையில் திறந்திருந்த டப்பாவில்
அவித்த கிழங்கு,
பக்கத்தில் அரை முட்டை.
மூடியை மெல்ல நகர்த்தி மறைத்தார்.

அறிக்கை வந்துவிட்டது.
உணவு விலையேற்றம் சற்றே தணிந்ததாம்.
அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ
என் 'மாற்றம் இல்லை' நிற்கிறது,
கூட்டத்தில் யாருக்கும் தெரியாத முகமாய்.

ராத்திரி கர்ரியில் தண்ணீர் ஊற்றினேன்.
"இன்னும் ஊறட்டும் அம்மா,
ஊறினால் நிறைய ஆகும்" என்றான் மகன் அயோமிதே.
எட்டு வயது. கணக்கில் கெட்டி.
படிவத்தின் தலைப்பில் பணவீக்கம் என்று போட்டிருக்கிறது.
எங்கள் வீட்டில் வீங்குவது இது ஒன்றுதான்.
காத்திருந்தோம்.

மின்சாரம் போயிற்று.
ஏற்றிய வர்த்தி அடிமட்டத்துக்கு வந்ததும்
அணைத்துவிட்டு, இருட்டில் தடவி
கட்டையைப் பைக்குள் போட்டேன்.
ஏற்கெனவே பதினொன்று சேர்ந்திருக்கிறது.
தித்திலாயோ எடுத்துக்கொள்கிறாள்,
கட்டைக்கு இவ்வளவு என்று காசு தருகிறாள்.
அந்த விலை மட்டும்
கொஞ்சம் ஏறியிருக்கிறது.