எண்ணியபடி

தட்டில் கொட்டி
ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவது என் வேலை.
வெளிர்நீல மாத்திரைகள். மருந்தா மாவா,
எனக்கும் தெரியாது, விழுங்குகிறவளுக்கும் தெரியாது.
தெரிந்த கணினி ஒன்று உப்சாலாவில் இருக்கிறது.
அது வாய் திறக்காது.

மார்ச் மாதம். எமயோகி ஆற்றில்
பனிக்கட்டி உடைந்து மிதந்து போகிறது.
தார்த்து மருத்துவமனை, மூன்றாம் மாடி,
ஜன்னலோரம் ஹெல்வே,
பங்கேற்பாளர் எண் நாற்பத்தொன்று.
இடது மார்பு இருந்த இடத்தில்
பேருந்து ஓட்டுநர் சட்டையின் பை
தட்டையாகக் கிடக்கிறது.
பேனாவும் வாசிக்கும் கண்ணாடியும் அதில்.
"இப்போதுதான் இடம் வசதி" என்பாள்.

பன்னிரண்டு புட்டிகள் திரும்பிவிட்டன அவளிடமிருந்து.
அறுபத்திரண்டு கொடுத்தால் ஆறு மீதி,
ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை.
மற்றவர்களுடையது அப்படியா?
குமட்டிய நாள், மகள் கல்யாணத்தில் மறந்த நாள்,
நாய் தின்றுவிட்டது என்று ஒருத்தி சொன்ன நாள்.
இவ்வளவு சுத்தமான கணக்கைக் கண்டு
சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
பாராட்டினேன்.

பதின்மூன்றாவது புட்டியை நீட்டியவள்
பிடியை விடவில்லை.
"காலையில் ஒன்று எனக்கு.
இரவில் ஒன்று லைனேவுக்கு."

லைனே. தங்கை. வால்காவில் இருக்கிறாள்,
தெருவைத் தாண்டினால் லாட்வியா.
அதே நோய், எட்டு மாதம் பிந்தி.
இதே நாற்காலியில் உட்கார்ந்து
சம்மதப் படிவத்தின் இருபத்தொரு பக்கத்தையும் படித்து
கையெழுத்தும் போட்டாள்.
இதயம் இறைக்கும் அளவு நாற்பத்தெட்டு.
ஐம்பது வேண்டும் என்கிறது விதி.
தொலைபேசியில் இல்லையென்று சொன்னது நான்தான்.
இந்த மருந்து இதயத்தைத் தொடக்கூடும் என்பது
ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.
அதையும் அவள் படித்திருந்தாள்.

"வெறும் மாவாக இருந்தால், ஹெல்வே?"
"இருவருக்கும் மாவு."
"மருந்தாக இருந்தால்?"
அவள் ஆற்றைப் பார்த்தாள்.
ஒரு பெரிய பாளம் பாலத்தின் தூணில் முட்டி
இரண்டாகி, இரு பக்கமும் போயிற்று.

விலகல் படிவத்தில் காரணம் என்ற கட்டம்
எண்பது எழுத்துக்குமேல் ஏற்காது.
தங்கை என்று எழுதினேன். அழித்தேன்.
பாதி அளவு, பதின்மூன்று மாதம் என்று எழுதினேன்.
மறுநாளே லைனேவின் இதயத்துக்கு ஸ்கேன்.
நாற்பத்தேழு.
குறைந்த அந்த ஒரு புள்ளி
மாத்திரையாலா, ஓராண்டு மூப்பாலா,
அளந்தவரின் கை அசைந்ததாலா,
கேட்டால் சொல்ல ஆளில்லை.
சாப்பாட்டு மேசையில் இருந்த கத்தரிக்கோலை
லைனே என்னிடமே கொடுத்துவிட்டாளாம்,
மாத்திரை அட்டை என்று நினைத்து வாங்கியது,
புட்டிக்கு அது தேவைப்படவேயில்லை.
ஹெல்வே சொல்லிச் சிரித்தாள். நானும்.

தாலினில் இருக்கும் புள்ளியியலாளர் ஊர்மாஸைக் கேட்டேன்,
நாற்பத்தொன்றை நீக்கிவிடுவீர்களா?
மாட்டோம் என்றார்.
முதல் நாள் எந்தக் குழுவில் விழுந்தாளோ
அந்தக் குழுவிலேயே இருப்பாள்,
முழுதும் விழுங்கினாலும், பாதி விழுங்கினாலும்,
புட்டியோடு ஆற்றில் எறிந்தாலும்.
கொடுக்க எண்ணியபடியே எண்ணுவோம்.
உள்ளே போனதை வைத்து அல்ல.

நியாயம் புரிகிறது எனக்கு.
வீட்டுக்குப் போனால் நோயாளிக்கு அக்காவும் தங்கையும் உண்டு,
மருந்து அங்கேதான் வேலை செய்தாக வேண்டும்.
ஆனால் ஊர்மாஸின் அட்டவணையில்
லைனேவுக்கு ஒரு வரியும் இல்லை.
பதின்மூன்று மாதம், முந்நூற்று அறுபத்து நான்கு இரவு
தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து, விழுங்கியவள்
எந்தக் குழுவிலும் விழவில்லை.

அன்று எண்ணாமல் வைத்த புட்டியை
இன்று தட்டில் கொட்டினேன்.
ஆறு.
ஐந்தைந்தாகத் தள்ளிப் பழகிய கரண்டி
மூன்று மூன்றாகப் பிரித்தது.
கொஞ்ச நேரம் அப்படியே இருக்கவிட்டேன்.
பிறகு ஒன்றாகச் சேர்த்து
ஆறு என்று எழுதினேன்.