ஆறு நொடி

பொழியூர்க்காரர்களுக்கு
எல்லாமே ஆறு நொடி முன்னால் தெரிந்துவிடுகிறது.
தார்ச்சாலை நிறம் மாறும் இடத்துக்கு அந்தப் பக்கம்
அவர்கள் போனுக்கு வேறு டவர்.
இந்தப் பக்கம், நீரோடி ஏலக்கூடத்தில்
மீன்பெட்டியில் சாய்த்துவைத்த என் போனில்
பந்து இன்னும் மூலைக்கே போகவில்லை,
அங்கிருந்து "அய்யோ" வந்து விழுகிறது.
அய்யோ வந்தால் நமக்குக் கோல் விழப்போகிறது.
இப்படியே ஏழு அய்யோ.

பின்னிரவு ஒன்றேகால்.
ஐஸ் பிளாண்டில் எனக்கு நைட் டியூட்டி,
மெஷினைக் கிளீற்றஸிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.
பெயர் வாயில் நிற்காத ஏதோ ஊரில்
மரத்தரை பளபளக்க
நாடுகள் மோதும் ஃபுட்சால்.
நீலச் சட்டையில் நம் பதினான்கு பேர்,
அதில் ஒருவன் ஷைஜின்.
இரண்டாம் கோல்கீப்பர் என்பது ஒரு வேலை:
பெஞ்சில் இருப்பது,
தண்ணீர்க் குப்பி எடுத்துக் கொடுப்பது,
கேமரா திரும்பும்போது
ஊரே "அன்னா!" என்று கத்துவதற்கு
ஒரு காதாவது தெரிய இருப்பது.

நாங்கள் ஆசைப்பட்டு இந்த ஆட்டத்துக்கு வரவில்லை.
பதினொரு பேர் ஆடிய கரையைக் கடல் கடித்தது.
ஏழு பேராகச் சுருங்கினோம்.
மிச்சத்தின்மேல் லாரி லாரியாகப் பாறை கொட்டினார்கள்.
பிறகு இந்தச் சிமெண்ட் தரைதான்,
ஏலம் முடிந்து கழுவிவிட்ட பிறகு,
தூணுக்குத் தூண் ஐந்தைந்து பேர்.
பொழியூரிலிருந்து ரெண்டு பேர் வருவானுவ,
"சவுட்டடா" என்பானுவ.
செதில் ஒட்டிய தரையில் பாய்ந்தால்
முழங்கையில் தோல் மிஞ்சாது.
அதனால் ஷைஜின் பாயமாட்டான்.
ஒரு முட்டி தரையில், மறு கால் விரித்து,
நெஞ்சைக் காட்டிக்கொண்டு இருப்பான்.
வேண்டுமென்றால் அடி.

ஏழுக்கு ஒன்று. இன்னும் நாற்பது நொடி.
பந்து வெளியே போனால் கடிகாரமும் நின்றுவிடும் ஆட்டம்.
நாற்பது நொடி என்பது
தங்கலுக்குப் போன போட்டு திரும்பும் தேதி மாதிரி,
சொல்லலாம், அவ்வளவுதான்.

முதல் கீப்பருக்குத் தொடை பிடித்துக்கொண்டது.
ஷைஜின் எழுந்தான்.
ஏலக்கூடத்தில் பதினாறு பேரும் எழுந்தோம்,
எதற்கென்று தெரியாமல்.

உடனே ஆறாவது ஃபவுல்.
மறிக்க ஆள் நிறுத்த முடியாது.
பத்து மீட்டர். அடிப்பவன், இவன்.
சிவப்புச் சட்டைக்காரன் பந்தை வைத்துப் பின்னால் நடந்து
ஓடிவரும்போது
படம் உறைந்தது.

சுற்றுகிறது அந்தச் சின்ன வட்டம்.
அடிப்பவன் கால் அந்தரத்தில்.
ஷைஜினின் முட்டி தரைக்கு ஒரு சாண் மேலே.
நான் ஐஸ்காரன், எனக்குத் தெரியும்,
கட்டியில் நடுப்பாகம்தான் கடைசியாக உறையும்.
பந்து நடுவில் இருந்தது.

பொழியூரைக் கேட்டோம்.
பதினாறு பேர் மூச்சை அடக்கி
இன்னொரு மாநிலத்தைக் கேட்டோம்.
பாறையில் அலை அடித்தது.
அய்யோ வரவில்லை.
வேறெதுவும்கூட வரவில்லை.
அங்கேயும் உறைந்துவிட்டதோ?

அப்புறம்
யாரோ தகரக் கதவை ஓங்கி அறையும் சத்தம்,
பின்னாலேயே ஒரு கெட்ட வார்த்தை,
மலையாளத்தில், அவ்வளவு பாசமாக.

படம் திரும்பியபோது
இரண்டு அணியும் கைகொடுத்துக்கொண்டிருந்தது.
பலகையில் ஏழுக்கு ஒன்றுதான்.
ஷைஜினின் இடது தொடையில்
சிவப்பாக ஒரு வட்டம்.
அந்த வட்டத்தைத் தவிர நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

மூன்றரைக்குப் போட்டு வந்தது.
ஐஸ் உடைத்தேன்.
சூரை விலை இறங்கிக் கிடந்தது.
அவன் அக்கா றோஸ்லெற் குட்டையை இறக்கிவைத்து
முகம் பார்க்காமல் கேட்டாள்:
"இருந்தானா, நிண்ணானா?"
"நிண்ணான்."
"தோத்தாச்சா?"
"தோத்தாச்சு."
"செரி" என்றவள்
அடுத்த குவியலுக்கு
எதிரே கேட்க ஆளில்லாமலே
ஐம்பது ரூபாய் ஏற்றினாள்.