தோல் கிளினிக், செவ்வாய்

மல்லாவி ஆஸ்பத்திரி,
பன்னிரண்டாம் இலக்கத் துண்டு.
பத்மலோஜினி முக்காட்டை விலக்கினாள்:
இரண்டு ரூபாய்க் குத்தியளவு
வழுவழுத்த வட்டம்.

புழுவெட்டு என்கிறது ஊர்.
மச்சாள் சீப்பை ஒளித்து வைக்கிறாள்.
தலையணை உறையும் தனி.

புழுவுமில்லை, தொற்றவும் மாட்டாது
என்றார் டொக்டர், பாதிச் சிங்களத்தில்.
பெயர்: அலோபீசியா அரியேட்டா.
காரணம்?
அதற்கும் நீளமாய் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்,
'தெரியாது' என்பதற்கு.

முழங்கைத் தழும்புக்குக் கெலோயிட் என்று எழுதினார்.
எப்படி வந்ததென்று கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

துணுக்காய் பஸ்ஸில் வழிநெடுகப் பாடமாக்கினாள்
அ லோ பீ சி யா.
படலையில் நின்றபடியே ஒப்புவித்தாள்.
மச்சாள் கொஞ்சம் யோசித்தாள்.

இரவு
கண்ணாடிக்குக் கீழே சீப்பு.
பல்லிடுக்கில்
மச்சாளின் நரைமயிர் மூன்று.