கடலோடிகளுக்கு அறிவிப்பு

வியாழன் விடிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை
இந்தக் கட்டத்துக்குள் படகு கூடாது என்று
அட்சரேகை தீர்க்கரேகையோடு
இறால் கடைக் கதவில் ஒட்டியிருந்தது.
இப்படித்தான் தெரிந்துகொண்டேன்,
என் மனைவியின் ஒன்பது வருடம்
எந்தத் தேதியில் மேலே போகிறதென்று.

டைட்டஸ்வில்லில் இது ஊரறிந்த ரகசியம்.
மோட்டல்களில் அறை இல்லை.
ஆற்றங்கரையில் முந்தின மாலையே
துண்டு போட்டு இடம்பிடிக்கிறார்கள்.
பெயர் கிடையாது, ஒரு எண்.
என்ன செய்யுமாம் என்று கேட்டால்
வானொலியில் ஒரு அதிகாரி
"தேசத்தின் தேவைக்கு" என்கிறார்.
இறால் விற்கும் வென்டெல்
தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறான்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே.
சொன்னவன் பக்கத்தை மட்டும்தான் நினைத்தான்.
அண்ணாந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

அங்கயற்கண்ணி எதுவும் சொன்னதில்லை.
கைபேசியை வெளியே பூட்டிவிட்டு உள்ளே போவாள்.
கண்மையை விட்டுவிட்டாள்,
ஒரு துகளும் உதிரக் கூடாதாம்.
ஒரு மார்ச் மாதம் முழுக்க
விரல்நுனிகள் சல்லடைக் கட்டமாய்ச் சிவந்திருந்தன.
"என்ன இது?"
"அரிப்பு."
தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று
முதல் வருடம் அவள் விழித்திருந்தாள்.
பிறகு நான் விழித்திருந்தேன்.
அவள் உளறவேயில்லை.
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்று இருபத்தேழு.
இந்தியன் ரிவருக்கு அக்கரையில்
வேளை தவறி ஒரு விடியல்.
ஒளிதான் முதலில். ஓசை வந்துசேர
ஏறக்குறைய ஒரு நிமிடம்.
தூண்மேல் தூங்கிய பெலிக்கன்கள் எழுந்தன,
மடவை மீன் ஒன்று துள்ளி விழுந்தது,
"சத்தம் எங்கே?" என்றது யார் பிள்ளையோ.
அந்த ஊமை நிமிடத்தில்
என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து
அவள் ஒரு வாக்கியம் சொன்னாள்.
எட்டே சொல்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
பிறகு சத்தம் வந்து
நெஞ்செலும்பில் மோதி
சொன்னதைச் சொல்லாததாக்கியது.

பக்கத்து நாற்காலிக்காரரின் திரையில்
மூக்குக்கூடு கழன்றதும் வர்ணனை நின்றது.
நன்றி, வணக்கம், கறுப்பு.
கைதட்டி முடித்தவர்கள்
கார் சாவியைத் தேடினார்கள்.
அவள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை, பழக்கம்.
வீட்டில், காலணியைக் கூடக் கழற்றாமல்
குளிர்பெட்டியின் வெளிச்சத்தில்
தயிர்சோறு தின்றாள், டப்பாவோடு.

வெள்ளிக்கிழமை படகுகள் போய்வந்தன.
இறால் பவுண்டுக்கு ஒரு டாலர் ஏறியிருந்தது.
"அப்படி என்னத்தைத்தான் அனுப்பினார்கள்,
உனக்காவது தெரியுமா?" வென்டெல் கேட்டான்.
"எனக்கெப்படித் தெரியும்" என்றேன்,
சில்லறையை எண்ணியபடி.
புதன்கிழமை வரை
அது பொய்யில்லை.