பத்து தவ்

சத்தம் முதலில் எட்டியது டிரைவர் நம்புசேகருக்கு இல்லை,
ஐஸ் உடைக்கிற பையனுக்கு.
"உள்ளே யாரோ கரண்டியால தட்டுறாங்கண்ணே" என்றானாம்,
ஏழு பாகம் தண்ணீரில், வலை இறங்கிக்கொண்டிருக்கையில்.

கோயில்வாடித் துறைக்கு நான் வந்தபோது
கச்சான் காற்று மண்ணை அள்ளிப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தது.
படகுக்காரி அமலராக்கினி
டீசல் கணக்கு நோட்டோடு நின்றாள்.
"நாளைக்கு டோக்கன். சத்தம் வரக் கூடாது. துளிகூட."

துளிகூட என்ற சொல்லை
எந்த எஞ்சினும் ஏற்றுக்கொண்டதில்லை.
சொல்லவில்லை. மூடியைக் கழற்றினேன்.

கறுத்த எண்ணெயில் பன்னிரண்டு ராக்கர்கள்
சில குனிந்து, சில நிமிர்ந்து,
பூசையில் எழுவதா இருப்பதா என்று
பாதியில் நின்றுவிட்டவர்கள் மாதிரி.

நம்புசேகர் கம்பியால் ஃபிளைவீலை நெம்பினான்.
ஆறாவதில் இரண்டும் சேர்ந்து அசைகிற நொடியில்
ஒன்றாவதில் இரண்டும் ஓய்ந்திருக்கும்.
அதுதான் கை வைக்கும் நேரம்.
இரண்டு அசைந்தால் ஐந்து, நான்கு அசைந்தால் மூன்று.
ஒருவர் வேலையில் இருக்கும்போதுதான்
இன்னொருவரைத் தொட முடிகிறது.

தகடு பத்து தவ்.
டோக்கன் சீட்டை மூன்றாக மடித்தால் வரும் கனம்.
நுழைய வேண்டும். இழுத்தால்
கொஞ்சம் மனசில்லாமல் வர வேண்டும்.
ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே லாக்நட்டை இறுக்கி
மறுபடி தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும்:
நட்டு போகும்போது ஸ்க்ரூவும்
ஒரு மயிரிழை கூடவே போய்விடும், சொல்லாமல்.

பன்னிரண்டும் முடிந்தது.
ஸ்டார்ட் செய்தோம்.

டக்.
டக்.
டக்.

அமலராக்கினி நோட்டைப் பார்த்தாள், என்னை இல்லை.
நம்புசேகர் காதருகே வந்தான்:
"ரெண்டு தவ் இறுக்கி விடுங்க. அடங்கிரும்."

அடங்கும். தெரியும்.
தொண்டியில் சீனி இபுறாம்சா படகை
அப்படித்தான் அடக்கினேன்.
என்ன கை உன் கை என்று
ஒரு முழுப் பாறை மீனை ஓலையில் சுற்றிக் கொடுத்தார்.
மூன்றாம் வாரம் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
சூடேறினால் வால்வு நீளும்; நீள இடம் வேண்டும்.
இடமில்லாத வால்வுக்கு வாய் முழுதாக மூடாது,
மூடாத வாயில் தீ புகுந்து விளிம்பைத் தின்னும்,
அத்தனை நாளும் சத்தமே இருக்காது.
மீன் ருசியாகத்தான் இருந்தது.

"ஆறட்டும்" என்றேன்.
ஆறுவதற்கு முன்பே
நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து
முனையால் ஒவ்வொரு வீட்டுக் கதவாகக் கேட்டிருந்தேன்.
நாலாவது வீடு. எக்ஸாஸ்ட்.

எஞ்சின் ஆறியதும் அந்த ராக்கர் நுனியை
நகத்தால் தடவினேன்.
நகம் இறங்கியது.
வருசக்கணக்கில் தட்டித் தட்டித் தானே தோண்டிய
சின்னக் குழி, பருப்பளவு.
என் தகடு அதன் இரு கரையிலும் படுத்துக்கொண்டு
பத்து, பத்து என்று சத்தியம் செய்திருக்கிறது.
பாம்பன் பாலத்தில் ரயிலில் போகிறவன்
கடலின் ஆழம் சொன்ன மாதிரி.

பழைய தகடு ஒன்றை
ஈர்க்கு அகலத்துக்கு வெட்டினேன்.
குழிக்குள் இறங்கியது.
மேலே பத்து, உள்ளே பதினேழு இருந்திருக்கிறது.
திருப்பி வைத்தேன்.
ராமநாதபுரம் போனால் புது ராக்கர் வாங்கச் சொன்னேன்.
போகும்போது பார்க்கலாம் என்றாள்.

ஸ்டார்ட்.
கரண்டிக்காரன் போயிருந்தான்.
பன்னிரண்டும் ஒரே குரலில்
தாழ்ந்து, இடைவிடாமல், பல் கடிக்கிற மாதிரி.

"இன்னும் வருதே?"
"அது வரணும்."
"துளிகூடன்னு சொன்னேன்ல."
"வரலைன்னாதான் என்னைக் கூப்பிடணும்."

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்றாள்.
மிச்சமிருந்த சத்தத்துக்கு
இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டு
மீதியை எண்ணிக் கொடுத்தாள்.
நகத்தடியில் எண்ணெய்.
அந்தக் குழி இன்னும் விரலில் இருந்தது.