உப்பு

துஸ்லா. பெயரிலேயே உப்பு.
நேற்று ராஸிமின் மகள் கல்யாணத்தில்
வெள்ளைச் சீஸை இரண்டு தரம் கேட்டு வாங்கினேன்.
விடிந்தால் மிச்சக்கால்
புளித்த மாவாய் உப்பிக்கொண்டு
செயற்கைக் காலுக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.
மூன்று க்ளிக்.
ஏழு கேட்டால்தான் நிற்கலாம்.

ஏரிக்கரை டிக்கெட் ஜன்னலில்
பதினொரு மணிக்கு ஒரு சாக்ஸ்,
இரண்டரைக்கு இன்னொன்று.
உட்கார்ந்த இடத்திலேயே வடிகிறேன்.
சாயங்காலம் சாக்கெட்டுக்குள்
எலும்பு மணிநாக்காய் ஆடுகிறது.

"அது என்ன சத்தம்?"
வரிசையில் ஈரத்தலைப் பையன்.
"சில்லறைப் பெட்டி."

ஆறு சாக்ஸைத் தாண்டினால்
புது அச்சு எடுக்கணும் என்றாள் வெஸ்னா.
போன வியாழனே ஏழு.
அவளிடம் சொல்லவில்லை, மார்ச் வரை காசில்லை.

ஞாயிறு இன்னொரு கல்யாணம்.
சீஸ் பார்த்துக்கொள்ளும்.