ஜூலை கடைசி வாரம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
ஆடிட்டர் போஜன் ஆபீசில்
ஜன்னலை மூடினாலும் மேகம் வந்து
ஃபைல்கள் மேல் உட்காரும்.
படிவம் நிரப்புகிறவள் நான்.
பதினோரு வருஷமாய்
எச்சில் தொட்டுப் புரட்டுகிறேன்
அடுத்தவர் வருமானத்தை.

ரத்தினசபாபதி வந்திருந்தார்.
எதிர் மலையில் நாலு காட்டேஜ்,
கீழே மேட்டுப்பாளையத்தில் இரண்டு குடோன்.
"சம்பாதிச்சதுக்கு எதுக்கும்மா வரி?
செலவழிச்சா வாங்கிக்கட்டும்.
அதிகம் வாங்குறவன் அதிகம் கட்டுவான்,
அதுதானே நியாயம்?"
இஞ்சி டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது,
ஆறு மணி வரைக்கும்.

மார்க்கெட் முனைக் கடையில்
எனக்கு முன்னால் சிவபாக்கியம்.
கட்டைவிரல் நகத்தில்
அன்றைய கொழுந்தின் கறை.
ஒரு சோப்பு, பற்பசை,
கால் லிட்டர் தேங்காய் எண்ணெய்,
மழையில் பறிக்க இடுப்பில் கட்டும்
பிளாஸ்டிக் படுதா ஒன்று.
பில்லை அவள் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன், பழக்கதோஷம்.
அடியில், எறும்பு எழுத்தில்,
மத்திக்குப் பாதி மாநிலத்துக்குப் பாதி.

வீட்டுக்கு ஏறும் படிகளில்
மூச்சு வாங்கிக்கொண்டே கணக்குப் போட்டேன்.
நூறு வந்தால் அவள்
நூற்றிரண்டு செலவழிக்கிறாள்.
அந்த இரண்டு
கடைக்காரர் நோட்டில் பென்சிலில் இருக்கிறது.
அவருக்கு நூறு வந்தால்
பத்துக்கு மேல் தின்ன முடியாது,
சர்க்கரை வியாதி வேறு.
மீதித் தொண்ணூறு
எந்தக் கடைக்கும் போவதில்லை.
பள்ளத்தாக்கைப் பார்த்தபடி
நிலமாகப் படுத்துக்கொள்கிறது.
அவள் மொத்தத்துக்கும் வரி,
அவருடைய பத்துக்கு மட்டும் வரி.
விகிதம் என்னவோ ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.
அவர் படிவத்தில் அந்த நாலு காட்டேஜ்
இரண்டாகத்தான் இருக்கிறது.
நிரப்பியது என் கை.
போன மாதம் வாங்கிய காருக்கு மட்டும்
அவரால் ஒன்றும் மறைக்க முடியவில்லை.
ஷோரூமில் பைசா விடாமல்
பிடித்துக்கொண்டுதான் சாவி கொடுத்தார்கள்.
ஆகவே அவர் சொன்னதில்
ஒரு மண்ணும் இல்லை என்று
என்னால் எழுந்து நின்று சொல்ல முடியாது.

இரவெல்லாம் தகரத்தில் சாரல்.

காலையில் முதல் ஆளாய்ப் போய்
அவர் ஃபைலைத் திறந்தேன்.
'இரண்டு' என்ற இடத்துக்கு எதிரே
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
போஜன் சார் பார்ப்பார்,
ஒன்றும் சொல்லாமல் அழித்துவிடுவார்.

அழிக்கட்டும்.
அழுத்தித்தான் போட்டிருக்கிறேன்.